முதல் வருகையின் முன்னேற்பாடு: டிஸ்னி வேர்ல்டில் ஒரு வழக்கம் வளர்ந்த வரலாறு

கேளிக்கைப் பூங்கா ஒன்றைப் பார்த்து வருவதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பது மிக அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கம். 1843-இல் கோபன்ஹேகன் நகரில் திறக்கப்பட்ட டிவோலி பூங்காவுக்கும், 1895-இல் பால் பாய்ட்டன் என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நாற்புறமும் வேலியடைத்து வாயிலில் கட்டணம் வாங்கத் தொடங்கிய ஸீ லயன் பூங்காவுக்கும், இரண்டாண்டு கழித்து அதே கடற்கரையில் ஜார்ஜ் டில்யூ தொடங்கிய ஸ்டீபிள்சேஸ் பூங்காவுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நகரத்து மக்களே. ரயில் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் கையில் இருந்தால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு ராட்டினத்தில் ஏற முடியாமல் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஏறிக்கொள்ளலாம். தெரியாமல் செய்யும் தவறுக்கு அங்கே கொடுக்க வேண்டிய விலை மிகச் சிறியது என்பதால், முதல் முறை வருபவருக்கும் நூறாம் முறை வருபவருக்கும் இடையே பெரிய வேறுபாடு எதுவும் தோன்றவில்லை.

அந்த வேறுபாடு தோன்றி, வளர்ந்து, இன்று தனித் தொழில்களையே உருவாக்கியிருக்கும் இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட். ஒரே கதைப்பொருளைச் சுற்றிக் கட்டடங்களையும் சவாரிகளையும் அமைக்கும் பூங்காவைத் தீம் பார்க் என்றும், அத்தகைய பூங்காக்களோடு தங்கும் விடுதிகளும் உணவகங்களும் போக்குவரத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் வளாகத்தை ரிசார்ட் என்றும் சொல்வது வழக்கம். இவற்றில் இரண்டாவது வகைக்கு இன்று உலகெங்கும் முன்மாதிரியாக நிற்பது ஃபுளோரிடா வளாகமே. அங்கே முதல் முறை செல்லும் குடும்பம் எதை, எப்போது, எப்படி முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பதை 1971 முதல் தொடர்ந்து பார்த்தால், அந்த வளாகத்தின் நிர்வாக வரலாறே அதில் பதிந்திருப்பது தெரியவரும்.

இதன் வேர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று ஆனஹைம் ஊரில், ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலேண்ட், முதல் நாளிலேயே நிர்வாகத்துக்குக் கடுமையான பாடம் கற்பித்தது. அழைப்பு பெற்றவர்களோடு போலிச் சீட்டுகளைக் காட்டி நுழைந்தவர்களும் சேர, சுமார் 28,000 பேர் உள்ளே வந்துவிட்டனர். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் ஒருசேர முடிக்க இயலாமல் கழிப்பறைகளே முதலில் முடிக்கப்பட்டிருந்ததால், கொளுத்தும் வெயிலில் வந்தவர்கள் தண்ணீருக்குத் தவித்தனர். இந்தக் குறைகள் சில வாரங்களில் சரிசெய்யப்பட்டன. ஆனால் வேறொரு குறை வால்ட் டிஸ்னியை இறுதிவரை உறுத்தியது. பூங்காவைச் சுற்றியிருந்த நிலம் பிறர் கையில் இருந்ததால், சில ஆண்டுகளுக்குள் வாயிலைச் சுற்றி மலிவு விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் நெருக்கியடித்து எழுந்து, வெளியூரிலிருந்து வருபவர் செலவிடும் பணத்தில் பெரும்பங்கை அவையே பெற்றன. 1955 அக்டோபரில் பூங்காவுக்கு அருகில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் ஹோட்டலும் டிஸ்னி நிறுவனத்துக்குச் சொந்தமாக இல்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்கே உரியதாக இருந்தது.

இரண்டாவது பூங்காவுக்கு நிலம் தேடியபோது இந்த அனுபவமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1963 நவம்பரில் விமானத்திலிருந்து மத்திய ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களையும் இரு பெருஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தையும் பார்த்த வால்ட் டிஸ்னி, பின்னர் ரீடி கிரீக் ராஞ்ச், டோமஹாக் பிராபர்ட்டீஸ் போன்ற முகமூடி நிறுவனங்களின் பெயரில், அதாவது உண்மையான வாங்குபவர் யாரென்று வெளியே தெரியாமலிருக்கப் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் பெயரில், நிலம் வாங்க ஏற்பாடு செய்தார். 27,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு, சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவான விலையில் கைமாறியது. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ செய்தித்தாள் ஒன்று உண்மையை ஊகித்து வெளியிட, அடுத்த மாதமே திட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. வாயிலுக்கு வெளியே யாரும் கடை போட முடியாத அளவுக்கு நிலம் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தகைய பரப்பில் வாயிலே எங்கோ தொலைவில் போய்விட்டது. ஒரு நாள் வந்து திரும்பும் பூங்கா, பல நாள் தங்கும் ஊராக மாறியதன் தொடக்கம் இது. திட்டமிட்டே ஆக வேண்டும் என்ற நிலைக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானபின், அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி ஓய்வைத் தள்ளிவைத்து வேலையை முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற பூங்காவும், கன்டெம்பரரி, பாலினீசியன் வில்லேஜ் என்ற இரு விடுதிகளும் திறக்கப்பட்டன. விடுதி அறைகள் சற்றுத் தொலைவிலிருந்த தொழிற்சாலையில் தனித்தனிப் பெட்டிகளாக முழுமையாகச் செய்யப்பட்டு, பாரந்தூக்கியால் எடுத்து இரும்புச் சட்டத்துக்குள் பொருத்தப்பட்டன என்பது அக்காலத்தில் வியந்து பேசப்பட்ட செய்தி. கூட்டம் குறைந்த மாதம் என்பதாலேயே அக்டோபர் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் நாளில் ஏறத்தாழ 10,000 பேரே வந்தனர். ஆனால் நவம்பர் இறுதியில், நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், நெடுஞ்சாலையில் கார்கள் மைல் கணக்கில் தேங்கி நிற்க, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அங்கே செல்வதற்கு ஏற்ற நாள், ஏற்காத நாள் என்று இரண்டு உண்டு என்பதை அமெரிக்கக் குடும்பங்கள் அந்த ஒரு நாளில் அறிந்துகொண்டன.

மேஜிக் கிங்டத்தின் அமைப்பு, வழி தெரியாதவர் திகைத்து நிற்கக் கூடாது என்ற அக்கறையோடு வரையப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைய ஒரே வாயில். அதைத் தாண்டினால் ரயில் நிலையத்தின் அடியிலுள்ள இரு குடைவழிகளில் ஒன்று. அதன்பின் ஒரு சதுக்கம். சதுக்கத்திலிருந்து மெயின் ஸ்ட்ரீட் என்ற ஒரே தெரு. தெருவின் முடிவில் 189 அடி உயரக் கோட்டை. கோட்டைக்கு முன்னுள்ள வட்டத்திலிருந்து பூங்காவின் பல பகுதிகளுக்கும் வழிகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிந்து செல்கின்றன. வழி தவறியவர் கோட்டையை நோக்கி நடந்தால் மீண்டும் வட்டத்துக்கு வந்துவிடலாம். நிலத்தடி நீர் மேலாக இருந்த அந்தச் சதுப்பில், ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, பணியாளர் நடமாட்டத்துக்கும் குப்பை அகற்றவும் உரிய சுரங்க நடைகளைத் தரைமட்டத்தில் கட்டி, அவற்றின் மேல் பூங்காவை எழுப்பியிருப்பதால், வருகையாளர் நடப்பது உண்மையில் ஒரு மாடியின் மேல். முதல் முறை வருபவரின் கண்ணுக்கு எந்தக் குழப்பமும் படக்கூடாது என்பதற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட இந்தச் சிரமம், கட்டடக் கலையின் வரலாற்றில் மதிப்போடு குறிப்பிடத்தக்கது.

எனினும் அந்த வாயிலை அடைவதிலேயே முதல் கணக்கு பிசகியது. காரில் வந்தவர், டிஸ்னிப் பாத்திரங்களின் பெயர்கள் சூட்டப்பட்ட பகுதிகள் கொண்ட பரந்த நிறுத்துமிடத்தில் காரை விட்டு, டிராம் வண்டியில் ஏறி நுழைவுச் சீட்டு தரும் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஏரியைப் படகிலோ மோனோரெயிலிலோ கடந்தாக வேண்டும். மோனோரெயில் என்பது ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் ரயில். காரை நிறுத்தியதும் பூங்காவுக்குள் இருப்போம் என்று எண்ணி வந்தவருக்குக் காலைப் பொழுதின் கணிசமான பகுதி இவ்வாறு கழிந்தது. கலிஃபோர்னியாப் பூங்காவை நன்கறிந்தவர்கூட ஃபுளோரிடாவில் புதியவராகவே உணர்ந்ததற்கு இந்தத் தூரம் முதன்மையான காரணம்.

பூங்காவுக்குள் புதியவருக்கு உதவியது சீட்டுப் புத்தகம். இது 1955 அக்டோபரில் டிஸ்னிலேண்டில் தோன்றியது. நுழைவுக் கட்டணம் தனியாகவும் ஒவ்வொரு சவாரிக்கும் காசு தனியாகவும் கொடுத்துச் சலித்தவர்களின் மனக்குறையைப் போக்க, பல சீட்டுகளைத் தைத்து ஒரே விலைக்கு விற்றார்கள். முதலில் ஏ, பி, சி என்று மூன்று வகைகளே இருந்தன. 1956-இல் டி சேர்ந்தது. மேட்டர்ஹார்ன் பனிச்சறுக்குச் சவாரியும் நீர்மூழ்கிக் கப்பலும் மோனோரெயிலும் வந்த 1959-இல் ஈ சேர்ந்தது. ஃபுளோரிடா இந்த ஐந்து வகை முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. 1971-இல் பெரியவருக்கு வெறும் நுழைவு மட்டும் 3.50 டாலர், ஏழு சவாரிகள் அடங்கிய புத்தகம் 4.75 டாலர். மெயின் ஸ்ட்ரீட்டில் ஓடும் குதிரை வண்டி போன்றவற்றுக்கு ஏ சீட்டு. ஜங்கிள் குரூஸ் படகுப் பயணத்துக்கும் பேய் மாளிகையான ஹான்டட் மேன்ஷனுக்கும் ஈ சீட்டு.

இந்தப் புத்தகத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டிலும் அதன் எழுத்தும், அந்த எழுத்துக்கு எந்தெந்தச் சவாரிகளில் ஏறலாம் என்ற பட்டியலும் அச்சிடப்பட்டிருந்தன. ஊழியர் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்வார். பூங்காவைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர், இதைப் புரட்டிய மாத்திரத்தில் நிர்வாகம் எதைப் பெரிய காட்சியாகக் கருதுகிறது, எதைச் சிறியதாகக் கருதுகிறது என்பதைத் தெரிந்துகொண்டார். ஈ சீட்டுகள் தீர்ந்தபின் சி, பி சீட்டுகளுக்குரிய சவாரிகளை நோக்கி அவர் நடந்தாக வேண்டியிருந்ததால், கூட்டமும் பூங்கா முழுவதும் தானாகப் பரவியது. எல்லாச் சீட்டுகளும் தீர்ந்தவர்களுக்கும் ஓரிடம் இருந்தது: விமான நிறுவனம் ஒன்றின் ஆதரவில் 1972-இல் திறந்த 'இஃப் யூ ஹேட் விங்ஸ்' என்ற சவாரிக்குச் சீட்டே தேவையில்லை. பயன்படாமல் மிஞ்சிய ஏ சீட்டுகளும் பி சீட்டுகளும் அமெரிக்க வீடுகளின் மேசை இழுப்பறைகளில் பல்லாண்டு கிடந்தன. இன்று அவை சேகரிப்போர் தேடும் பொருள்கள். வழிகாட்டி, விலைப்பட்டியல், கூட்டக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அடக்கிய இந்த ஏற்பாடு, முதல் வருகையாளருக்குக் கிடைத்த ஏற்பாடுகளிலேயே நேர்மையானது என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தப் பத்தாண்டில் குடும்பங்களின் கவலை பூங்காவுக்குள் இருந்ததைவிடச் சாலையில்தான் அதிகம் இருந்தது. 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் நிலையங்களை மூடிவைக்கும்படி அதிபர் நிக்சன் கேட்டுக்கொண்டபோது, காரை நம்பியிருந்த டிஸ்னி வேர்ல்டில் வருகை சரிந்து பணியாளர் குறைப்பும் நிகழ்ந்தது. 1975 ஜனவரியில் ஸ்பேஸ் மவுன்டன் என்ற இருட்டறை ரோலர் கோஸ்டர் திறந்தபின், குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்ப்பதும் முன்னேற்பாட்டில் ஒன்றாகச் சேர்ந்தது.

1982 பெரிய திருப்பம். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று எப்காட் சென்டர் என்ற இரண்டாவது பூங்கா திறந்தது. அதே ஆண்டில் சீட்டுப் புத்தகங்கள் கைவிடப்பட்டு, ஒரு முறை பணம் கட்டினால் எதிலும் எத்தனை முறையும் ஏறலாம் என்ற ஒரே கட்டண முறை வந்தது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். மக்கள் இதை வரவேற்றார்கள். குழந்தைக்கு இன்னொரு ஈ சீட்டு வாங்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் பணப்பையைத் திறக்க வேண்டிய தேவை நீங்கியது. ஆனால் இதன் விளைவு ஆழமானது. எல்லாச் சவாரிகளும் ஒரே விலை என்றானபின், எல்லோரும் ஈ சீட்டுச் சவாரிகளையே நாடினர், வரிசைகள் நீண்டன, முன்பு காசால் நடந்த பங்கீடு இப்போது காத்திருக்கும் நேரத்தால் நடக்கத் தொடங்கியது. எது பெரியது, எது சிறியது என்று சொல்லிக்கொடுத்த அச்சுத் தாளும் புதியவரின் கையிலிருந்து மறைந்தது.

முன்பதிவு என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும் வகையில் வந்ததும் எப்காட்டில்தான். வெள்ளிக்கோளம் போல் நிற்கும் அதன் முகப்புக் கட்டடத்தின் கீழே, பெல் தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த வேர்ல்ட்கீ என்ற தொடுதிரைகள் வைக்கப்பட்டிருந்தன. திரையைத் தொட்டால் பூங்காவின் பகுதிகளைப் பற்றிய விளக்கம் வரும். வேண்டுமானால் எங்கோ அமர்ந்திருக்கும் ஊழியர் திரையில் நேரில் தோன்றிப் பேசி, அன்றைய இரவு உணவுக்கு இடம் ஒதுக்கித் தருவார். தொடுதிரையையே பெரும்பாலோர் கண்டிராத 1982-இல் இது பெரிய அதிசயம். காலையில் நேராக இந்தத் திரைகளை நோக்கி ஓடினால்தான் பிரெஞ்சு உணவகத்தில் இடம் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் ஓடினர். அறியாதவர்கள் பூங்காவைச் சுற்றிவிட்டு மாலையில் வந்து ஏமாந்தனர். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிளவு வெளிப்படையானது இங்கேதான்.

1984-இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைப் பொறுப்பேற்றபின் வளாகம் வேகமாகப் பெருகியது. 1989-இல் திரைப்படக் கருப்பொருள் கொண்ட மூன்றாவது பூங்காவும், 1998-இல் விலங்குகளைக் கொண்ட அனிமல் கிங்டம் என்ற நான்காவது பூங்காவும் திறந்தன. 1988-இல் நடுத்தர விலையில் கரீபியன் பீச் விடுதியும், 1994 முதல் குறைந்த விலையில் ஆல்-ஸ்டார் விடுதிகளும் வந்தன. இரண்டு விடுதிகளோடு தொடங்கிய இடத்தில் இன்று நிறுவனத்துக்குச் சொந்தமானவை மட்டும் 25-க்கும் மேல். எந்த விடுதி எந்தப் பூங்காவுக்கு அருகில், எங்கிருந்து படகு, எங்கிருந்து பேருந்து என்பதையெல்லாம் வரைபடம் விரித்துப் படிக்க வேண்டிய நிலை வந்தபோது, பிரிட்டனிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கடல் கடந்து, வாழ்நாளில் ஒரு முறை மட்டும் என்று வந்தவர்களுக்கு அந்தப் படிப்பு மிகக் கடினமாக இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்ப நூல்கள் எழுந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்டீவ் பர்ன்பாம் என்பவர் டிஸ்னி நிறுவனத்தின் ஒப்புதலோடு வெளியிட்ட கையேடு, எங்கே என்ன இருக்கிறது என்பதை நன்றாகச் சொன்னது. 1985-இல் பாப் செலிங்கர் என்பவர் அந்நிறுவனத்தின் தயவை நாடாமல் வெளியிட்ட 'அதிகாரபூர்வமற்ற' வழிகாட்டியோ, எந்த வரிசையில் பார்ப்பது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சவாரியும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதே அதன் கொள்ளளவு. நிற்காமல் ஓடும் இருக்கைத் தொடர் கொண்ட ஹான்டட் மேன்ஷன் மணிக்கு 2,000 பேருக்கும் மேல் ஏற்றிச் செல்லும். பீட்டர் பான் சவாரி அதில் ஏறத்தாழப் பாதிப் பேரையே ஏற்றும். ஆகவே பீட்டர் பானுக்குக் காலையில் முதலாவதாகச் செல்ல வேண்டும், ஹான்டட் மேன்ஷனுக்கு நடுப்பகலிலும் செல்லலாம். இவ்வாறு ஒவ்வொன்றையும் கணித்து, குழந்தைகளோடு வருபவருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று அந்நூல் பயண நிரல்களை அச்சிட்டது. மெயின் ஸ்ட்ரீட்டின் முடிவில் கட்டியிருக்கும் கயிற்றை ஊழியர்கள் திறப்பு நேரத்தில் அகற்றுவதற்கு முன்பே அங்கே போய் நின்றுவிட வேண்டும் என்பது அதன் தலையாய அறிவுரை.

இந்தக் கணிப்பின் அளவை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். பத்துச் சவாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதற்கு 36,28,800 வரிசை முறைகள் உண்டு. பதினைந்து என்றால் 1,30,767 கோடிக்கும் மேல். ஒவ்வொரு சவாரியிலும் காத்திருக்கும் நேரம் மணிக்கு மணி மாறுவதால் கணக்கு இன்னும் சிக்கலாகும். பல ஊர்களுக்குச் சென்று திரும்பும் விற்பனையாளருக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் கணித வினாவின் ஒரு வடிவமே இது என்று கண்ட லென் டெஸ்டா என்ற கணினியியல் மாணவர், தொண்ணூறுகளில் இதற்கு நிரல் எழுதி, பின்னர் செலிங்கரோடு இணைந்து அந்த வழிகாட்டியின் ஆசிரியர்களில் ஒருவரானார். குடும்பத்தின் விடுமுறை நாள் ஒன்று பல்கலைக்கழக ஆய்வுப் பொருளானது இவ்வாறே.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் திட்டமிடல் வீடியோ கேசட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. டிஸ்னிப் பயணங்களை மட்டுமே ஏற்பாடு செய்யும் பயண முகவர்கள் பெருகினர். இம்முகவர்களுக்குரிய தரகை நிறுவனமே கொடுப்பதால் வாடிக்கையாளர் தனியே பணம் தர வேண்டியதில்லை. கோட்டைக்குள் இருக்கும் உணவகத்தில் காலைச் சிற்றுண்டிக்கு இடம் பிடிக்க, பல மாதங்களுக்கு முன்பு, முன்பதிவு திறக்கும் காலைப் பொழுதில் தொலைபேசியில் காத்திருப்பது பெற்றோருக்குரிய கடமை போலவே ஆனது. 180 நாள்களுக்கு முன்பு உணவுக்கு இடம் பதியும் விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், வரிசையின் இயல்பையே மாற்றியது. சவாரியின் வாயிலருகே நின்ற இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வெளிவரும். அதைக் காட்டிக் குறுகிய தனி வரிசையில் செல்லலாம். இதற்குத் தனிக் கட்டணம் இருக்கவில்லை. கால் கடுக்க நிற்கும் நேரத்தில் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போய்வரலாம் என்பதால் நிறுவனத்துக்கும் இது ஆதாயமாக இருந்தது. பழகிய குடும்பங்களில் ஒருவர் எல்லோருடைய சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு இயந்திரத்துக்கு விரைவார். புதிதாக வந்தவர் இயந்திரம் எதற்கென்று விளங்கிக்கொள்வதற்குள் அன்றைய ஸ்பேஸ் மவுன்டன் சீட்டுகள் தீர்ந்துவிட்டிருக்கும். சாதாரண வரிசையோ, இடையிடையே தனி வரிசைக்காரர்களுக்கு வழிவிட்டு மெல்ல நகரும்.

2014-இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்த ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் இந்த ஓட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் அமைந்த ஏற்பாட்டின் பகுதியான இதில், மூன்று சவாரிகளுக்குரிய நேரத்தை வளாக விடுதிகளில் தங்குவோர் 60 நாள்களுக்கு முன்பும், பிறர் 30 நாள்களுக்கு முன்பும் கணினியிலோ கைப்பேசியிலோ பதிய முடிந்தது. கையில் கட்டிய ரப்பர்ப் பட்டையே அறைச் சாவியாகவும் நுழைவுச் சீட்டாகவும் ஆனது. பார்த்தறியாத ஓர் இடத்தில், இரண்டு மாதங்களுக்குப் பின்வரும் ஒரு செவ்வாய்க்கிழமையின் நண்பகலில் குழந்தை எந்தச் சவாரியை விரும்பும் என்பதை இப்போதே சொல்லும்படி ஒரு குடும்பத்தைக் கேட்பது நியாயமாகாது. அதையும் நிறைவேற்றிய குடும்பங்கள் பலன் பெற்றன. அவற்றில் பெரும்பாலானவை முன்பே வந்து போனவை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட பூங்காக்கள் ஜூலையில் திறந்தபோது, எந்த நாளில் எந்தப் பூங்கா என்பதையும் முன்பதிவு செய்தாக வேண்டியிருந்தது. தேதி குறித்த சீட்டு வாங்குவோருக்கு அந்த விதி 2024 ஜனவரி வரை நீடித்தது. 2021 அக்டோபரில் ஃபாஸ்ட்பாஸுக்குப் பதிலாக ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 டாலரில் தொடங்கியது. 2024 ஜூலையில் அது லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்ற பெயரில் மீண்டும் முன்பதிவு முறையாயிற்று: வளாக விடுதிகளில் தங்குவோருக்கு ஏழு நாள் முன்பு, பிறருக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆண்டு இறுதியில், எந்த நேரமும் பதியாமல் நேரே தனி வரிசையில் செல்ல விரும்புவோருக்கு, ஒரு நாளுக்கு ஒருவருக்கு 129 முதல் 449 டாலர் வரை விலையுள்ள சீட்டும் வந்தது. நுழைவுச் சீட்டின் விலையும் 2018 முதல் தேதிக்குத் தேதி மாறுகிறது. 2022 இறுதியில் மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் நுழைவு 124 டாலரிலிருந்து 189 டாலர் வரை இருந்தது. திட்டமிடாமல் வந்து கேளிக்கையை அனுபவிப்பது கோனி ஐலண்டில் சாமானியரின் உரிமையாக இருந்தது. ஃபுளோரிடாவில் அது இன்று செல்வர்கள் விலை கொடுத்து வாங்கும் பொருளாகியிருக்கிறது.

நில அமைப்பு புதியவருக்காக வரையப்பட்டிருக்க, நடைமுறைகள் மட்டும் பழகியவருக்குச் சாதகமாக வளர்ந்துவிட்டன என்பதே இந்த அரை நூற்றாண்டின் குறை. இது தவிர்க்க முடியாத விளைவும் இல்லை. எந்த மாதத்தின் எந்தக் கிழமையில், எந்தச் சவாரியில், எந்த மணிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விவரம் பல ஆண்டுகளுக்குரியதாக நிறுவனத்திடமே உள்ளது. கைப்பேசிச் செயலியில் நிறுவனம் அன்றைய நாளுக்குரிய காத்திருப்பை மட்டுமே காட்டுகிறது; முந்தைய ஆண்டுகளின் விவரத்தை வெளியாட்கள் நாள்தோறும் குறித்து வைத்துத் தொகுத்து விற்கிறார்கள். அந்த விவரம் முழுவதையும் நிறுவனமே ஒரு தாளில் அச்சிட்டு, நுழைவுச் சீட்டோடு சேர்த்து, முதல் முறை வருபவர் ஒவ்வொருவருக்கும் இலவசமாகத் தர வேண்டும்.